இராமேசுவரம்: சேதுக் கரையும் இராமநாதர் கோயிலும்

இராமேசுவரம் கோயில் உண்மையில் எவ்வளவு பழமையானது, இராமர் இலிங்கம் நிறுவிய வரலாறு பழைய நூல்களில் இருக்கிறதா அல்லது பிற்காலத்தில் சேர்ந்ததா, காசிக்குப் போகிறவர்கள் இங்கும் வந்தாக வேண்டும் என்று சொல்வது ஏன் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். இன்று நாம் வியந்து பார்க்கும் நெடும் பிரகாரங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதைக் கொண்டு தலத்தின் வயதை முடிவுசெய்தால் பெரும்பிழை நேரும். இந்தத் தலத்தில் முதலில் புனிதமாகக் கருதப்பட்டது கடற்கரை. அந்தக் கரையை ஒட்டி இலிங்க வழிபாடு வந்தது. கற்கோயிலும் கோபுரமும் பிரகாரமும் அதன்பின் பல நூற்றாண்டுகளில் படிப்படியாக எழுந்தன. இந்த வரிசையை மனத்தில் கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

கரையைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்று அகநானூற்றின் 70ஆம் பாட்டு. மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடியது. தலைவன் தலைவியின் காதல் ஊரெல்லாம் அலராகப் பேசப்பட்டது. திருமணம் உறுதியானதும் அந்தப் பேச்சு சட்டென்று அடங்கிவிட்டது. அது எப்படி அடங்கியது என்பதற்குப் புலவர் காட்டும் உவமையில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. பாண்டியருக்குரிய தொன்முதுகோடியில், அலை முழங்கும் துறையருகே, விழுதுகள் நிறைந்த ஆலமரத்தின் அடியில் இராமன் மறைபொருள் பற்றி ஆராய்ந்தபோது மரத்திலிருந்த பறவைகளின் ஒலி அவிந்தது. அதுபோல இவ்வூர் அடங்கியது என்கிறார். தொன்முதுகோடி என்பது தனுஷ்கோடிப் பகுதியே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். இந்தப் பாட்டில் கோயிலும் இல்லை, இலிங்கமும் இல்லை. ஆனால் தென்கோடிக் கடற்கரையில் இராமன் வந்து தங்கினான் என்ற செய்தி, விளக்கம் எதுவும் தேவையில்லாத உவமையாகக் கையாளும் அளவுக்குச் சங்க காலத்திலேயே மக்களிடம் பரவியிருந்தது என்பது தெரிகிறது. உவமை என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்த பொருளாக இருக்க வேண்டும் அல்லவா?

இலிங்கம் நிறுவிய வரலாற்றுக்கு வருவோம். வான்மீகி இராமாயணத்தில் மணல் இலிங்கக் கதை விரிவாக இல்லை. போர் முடிந்து புஷ்பக விமானத்தில் அயோத்திக்குத் திரும்பும்போது, இராமன் சேதுவைச் சீதைக்குக் காட்டி, இங்கே முன்பு மகாதேவர் எனக்கு அருள் செய்தார் என்று சொல்லும் குறிப்பு மட்டும் யுத்த காண்டத்தின் இறுதிப் பகுதியில் இருக்கிறது. அதனால் கதை மிகப் பிற்காலத்தில் கட்டப்பட்டது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள் தேவாரத்தைப் பார்ப்பதில்லை. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். அப்பர் பெருமான், அரக்கரை அழித்தபின் மணமிக்க மலர்கள் கொண்டு திருமால் செய்த கோயில் என்றே இதைக் குறிப்பிடுகிறார். சம்பந்தர் இன்னும் ஒரு படி மேலே சென்று காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: தேவியைக் கவர்ந்த பத்துத்தலை அரக்கனை வீழ்த்திய பழி போய் அறும்படி வில்லேந்திய அண்ணல் செய்தது இந்த இராமேச்சுரம் என்கிறார். ஆகவே, இராமர் இலிங்கம் நிறுவினார் என்பதும், அதைப் பழி நீங்குவதற்காகச் செய்தார் என்பதும், இன்றைக்கு ஏறக்குறைய 1350 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் உறுதியாக நிலைபெற்றிருந்த நம்பிக்கைகள். அனுமன், கயிலை, மணல் இலிங்கம் ஆகிய விரிவுகளைக் கந்த புராணத்தைச் சார்ந்த சேது மாகாத்மியமும், அதை ஒட்டித் தமிழில் நிரம்ப அழகிய தேசிகர் இயற்றிய சேது புராணமும் நமக்குத் தருகின்றன.

அந்த விரிவு வருமாறு. இராவணன் புலத்திய முனிவரின் பேரன், விசிரவசின் மகன்; ஆகவே அந்தணன். அவனைக் கொன்றதால் இராமரைப் பிரம்மகத்தி தோஷம் பற்றியது. முனிவர்கள் சிவ வழிபாடு செய்யச் சொல்ல, கயிலையிலிருந்து இலிங்கம் கொண்டுவர அனுமன் அனுப்பப்பட்டார். குறித்த முகூர்த்தம் நெருங்கியும் அவர் வரவில்லை. சீதாதேவி கடற்கரை மணலைக் குவித்து இலிங்கமாகப் பிடித்துக்கொடுக்க, இராமர் அதற்கே பூசை செய்தார். பின்னர் வந்துசேர்ந்த அனுமன் மனம் வருந்தி, மணல் இலிங்கத்தைத் தம் வாலால் கட்டிப் பெயர்க்க முயன்றும் அது அசையவில்லை. அனுமனின் வருத்தம் தீர இராமர் ஓர் ஏற்பாடு செய்தார்: அவர் கொண்டுவந்த இலிங்கத்தை விசுவநாதர் என்று பெயரிட்டு வடபுறத்தில் நிறுவி, இனி அதற்கே முதற்பூசை என்று விதித்தார். இன்றுவரை அந்த முறைதான். மூலவர் இராமநாத சுவாமியாக இருந்தாலும், விசுவநாதருக்குப் பூசை நடந்த பின்புதான் இராமநாதருக்கு நடக்கிறது.

சமய நோக்கில் இந்தக் கதையின் கனம் எங்கே இருக்கிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சைவர்கள் சிலர் இதைத் திருமாலே சிவனை வணங்கினார் என்பதற்குச் சான்றாகவும், வைணவர்கள் சிலர் அவதாரத்துக்கு ஏது தோஷம் என்று மறுப்பதற்காகவும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாதங்களும் தலத்தின் உயிரைத் தொடவில்லை என்பது என் துணிபு. இராவணவதம் அறத்தின் வழிப்பட்ட போர். கொல்லப்பட்டவன் கொடியவன். அப்படியிருந்தும் கொலை கொலைதான். அதற்குரிய பழியை வென்றவன் ஏற்று, கரையில் நின்று, கழுவியாக வேண்டும் என்று இந்தத் தலம் சொல்கிறது. வெற்றி விழா நடக்க வேண்டிய இடத்தில் பரிகாரம் நடந்தது. இத்தனை நூற்றாண்டுகளாகப் பாவம் நீங்கவும் பிதுர்க்கடன் தீர்க்கவும் மக்கள் இந்தக் கரையைத் தேடி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் வேண்டியதில்லை.

இத்தலம் பாரதம் முழுவதும் பெற்றுள்ள இடமும் இதனால் வந்ததே. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. பத்ரிநாத், பூரி, துவாரகை, இராமேசுவரம் என்று நான்கு திசைகளிலும் அமைந்த நான்கு தாமங்களில் மற்ற மூன்றும் திருமாலுக்கு உரியவை. தெற்கே இது மட்டும் சிவத்தலம். இரண்டு வரிசைகளிலும் இடம்பெற்ற ஒரே தலம் இதுதான். ஆதிசங்கரர் மரபில் சிருங்கேரி மடத்துக்குரிய க்ஷேத்திரமாகவும் இராமேசுவரமே சொல்லப்படுகிறது. இங்கு மூலவரைத் தொட்டுப் பூசை செய்யும் உரிமை, மராட்டிய அந்தணக் குடும்பங்களைச் சேர்ந்த, சிருங்கேரியில் தீட்சை பெற்றவர்களுக்கு உரியதாக இருந்துவருகிறது. பாண்டிய நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்றான இக்கோயிலின் கருவறையில் மராட்டியம் பேசும் குடும்பத்தார் நிற்பது, வடக்கிலிருந்து வந்த யாத்திரைப் பாதை எவ்வளவு பழையது, எவ்வளவு வலியது என்பதைக் காட்டுகிறது.

இனி வரலாறு. கடலைத் தாண்டினால் இலங்கை. எனவே இந்தத் தீவு யாத்திரைத் தலமாக இருந்ததைப் போலவே படைகள் வந்திறங்கும் துறையாகவும் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்டபோது, முன்னவன் இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவின் உதவியை நாடினான். அவன் அனுப்பிய இலங்காபுரன் என்ற தளபதி முதலில் கைப்பற்றிய இடங்களில் இராமேசுவரமும் ஒன்று. இதன் எதிரொலி காஞ்சிபுரம் அருகே உள்ள ஆர்ப்பாக்கம் கல்வெட்டில் கேட்கிறது. இலங்கைப் படையினர் இராமேசுவரம் கோயிலின் கதவை அடைத்துப் பூசையை நிறுத்தி, அங்கிருந்த பண்டாரத்தை, அதாவது கோயில் கருவூலத்தைக் கவர்ந்துகொண்டார்கள், ஆகவே அவர்கள் சிவத்துரோகிகள் என்று அது சொல்கிறது. அந்தப் படை அகல வேண்டும் என்று சம்புவராயத் தலைவன் ஒருவன் உமாபதி தேவர் என்னும் ஞானசிவ தேவரை வேண்ட, அவர் 28 நாள் வழிபாடு செய்தார். படை தோற்றது என்ற செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கம் ஊரே அவருக்குத் தானமாக வழங்கப்பட்டது. தென்கோடித் தீவில் ஒரு கோயிலின் கதவு அடைபட்டதற்குத் தொண்டை மண்டலம் பதறியிருக்கிறது. அன்றைக்கு இந்தத் தலம் பெற்றிருந்த மதிப்பை அளக்க இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1187 முதல் 1196 வரை இலங்கையை ஆண்ட நிசங்கமல்லன், தான் இராமேசுவரத்தில் நிசங்கேசுவரம் என்ற கோயிலை எழுப்பியதாகத் தன் கல்வெட்டுகளில் பெருமையோடு பொறித்திருக்கிறான். பூசையை நிறுத்திய நாட்டிலிருந்தே கோயில் கட்டும் அரசனும் வந்தான். பின்னர் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தங்களைச் சேதுகாவலர் என்று அழைத்துக்கொண்டு, நந்தி உருவமும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த காசுகளை வெளியிட்டார்கள். இப்போதைய கருவறையை இலங்கையின் பரராசசேகர மன்னன் திருகோணமலையிலிருந்து கற்களைக் கொண்டுவந்து கட்டுவித்தான் என்பதும் கோயில் மரபில் சொல்லப்படும் செய்தி. யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு இந்தக் கோயில் அயல்நாட்டுக் கோயிலாக ஒருபோதும் இருந்ததில்லை.

நாம் இன்று காணும் பெருங்கோயில், இராமநாதபுரத்திலிருந்து சேது நாட்டை ஆண்ட சேதுபதிகளின் கொடை. 1605ஆம் ஆண்டளவில் மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், சேது யாத்திரை வழியில் கள்வர் பயம் மிகுந்து யாத்திரிகர்கள் அல்லலுற்றதை அறிந்து, மறவர் தலைவரான சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தினார் என்று மரபு சொல்கிறது. வழியைக் காக்கவே ஏற்பட்ட அரசு இது. அதனால்தான் அந்த மரபினர் கோட்டைகளுக்கு இணையாகச் சத்திரங்களைக் கட்டினார்கள். யாத்திரிகர்கள் தங்கவும் உண்ணவும் வழிநெடுக ஊர்களை மானியமாக விட்டார்கள். தளவாய் சேதுபதி காலத்தில் கிழக்கு இராசகோபுரப் பணி தொடங்கியது. திருமலை ரகுநாத சேதுபதி இரண்டாம் பிரகாரப் பணியை மேற்கொண்டார். மூன்றாம் பிரகாரம் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தொடங்கி, முத்துராமலிங்க சேதுபதி காலத்தில், ஏறக்குறைய 1770 அளவில் நிறைவேறியது. தொடங்கிய கிழக்குக் கோபுரம் நெடுங்காலம் முற்றுப்பெறாமலே நின்று, தேவகோட்டை நகரத்தார் குடும்பத்தின் திருப்பணியால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் 126 அடி உயரத்தில் ஒன்பது நிலைகளோடு முழுமை பெற்றது.

மூன்றாம் பிரகாரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 690 அடி, வடக்கு தெற்காக 435 அடி, 1212 தூண்கள், தரையிலிருந்து கூரை 22 அடிக்கு மேல். தூண்கள் தரைமட்டத்தில் இல்லாமல் இருபுறமும் உயர்ந்த மேடைகளின் மேல் வரிசையாக நிற்பதால், நடுவில் நடப்பவருக்கு வழி இன்னும் ஆழமாகத் தோன்றும். மேற்கில் பிரகாரமும் வாயில் வழியும் குறுக்கிடும் அமைப்பு சொக்கட்டான் பலகையைப் போல இருப்பதால் அதற்குச் சொக்கட்டான் மண்டபம் என்றே பெயர். மணலும் பவளப்பாறையுமான இந்தத் தீவில் இப்படிப்பட்ட கட்டடத்துக்கு ஏற்ற கருங்கல் கிடையாது. இன்று பாம்பன் பாலம் இருக்கும் கடலைத் தோணிகளில் கடந்துதான் கல் வந்திருக்க வேண்டும். பிரகாரம் முடிந்த சில ஆண்டுகளுக்குள், 1772இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயரும் சேர்ந்து இராமநாதபுரத்தைப் பிடித்துவிட்டார்கள். 1803இல் சேது நாடு ஜமீனாகச் சுருங்கியது. ஒரு சிறிய அரசு தன் சுதந்திரத்தின் கடைசி ஆண்டுகளில் செய்து முடித்த பணி அது என்று எண்ணிப் பார்க்கும்போது அந்தத் தூண்களின் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

அந்த மரபில் வந்த பாஸ்கர சேதுபதியின் வரவேற்பை ஏற்று, மேலைநாட்டுப் பயணம் முடிந்து கொழும்பு வழியாகத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கினார். மறுநாள் இக்கோயிலில் ஆற்றிய உரையில், ஏழையிடமும் நலிந்தவரிடமும் நோயுற்றவரிடமும் சிவனைக் காண்பவரே உண்மையாகச் சிவனை வணங்குகிறார் என்று சொன்னார்.

1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின் யாத்திரை எளிதாயிற்று. தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று இரு நாட்டு யாத்திரிகர்களும் வந்துபோனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்ற பயணிகள் இரயிலும் அதில் இருந்தவர்களோடு கடலுக்கு இரையாயிற்று. சாலைப் பாலம் 1988இலும், புதிய இரயில் பாலம் 2025 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. புயலுக்கு முன்பு, இரு கடல்கள் கூடும் தனுஷ்கோடி முனையில் நீராடுவதே சேது ஸ்நானத்தின் தலையாய அங்கமாக இருந்தது. ஊர் அழிந்தபின் பெரும்பாலோர்க்குக் கோயிலின் கிழக்கே உள்ள அக்னி தீர்த்தமே சேது ஸ்நானக் கரையாகிவிட்டது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போடப்பட்ட பிறகு பழைய முறைப்படி அங்கு சென்று நீராடுவோர் மீண்டும் கூடிவருகிறார்கள்.

தீர்த்தமாடும் முறையைச் சொல்கிறேன். முதலில் அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், சங்கல்பம் செய்து முழுக்குப் போட வேண்டும். அமாவாசை நாட்களில், குறிப்பாகத் தை, ஆடி, மகாளய அமாவாசைகளில், இந்தக் கரையில் தர்ப்பணம் செய்ய இடம் கிடைப்பதே அரிது. பிறகு ஈர உடையோடு கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களில் நீராட வேண்டும். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, சாவித்திரி, காயத்திரி, சரசுவதி என்று வரிசையாகச் சென்று கோடி தீர்த்தத்தில் முடிப்பார்கள். பெரும்பாலானவை கிணறுகள். கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கால் ஊன்றி நிற்பவர், கயிறு கட்டிய சிறு வாளியை வீசி இறக்கி, நீர் நிறைந்த வேகத்திலேயே இழுத்து, வரிசையில் வருபவர் தலையில் ஊற்றுவார். அடுத்தவர் வந்து நிற்பதற்குள் அடுத்த வாளி மேலே வந்திருக்கும். கல் தரை முழுவதும் நீர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் முதியவர்கள் பார்த்து நடக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் இந்த நீர் உவர்க்காமல் இருப்பதற்குக் காரணம், மணலில் இறங்கிய மழைநீர் அடியிலுள்ள கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாகத் தங்கி நிற்பதே. இந்த இயற்கை அறிந்து கிணற்றை அளவான ஆழத்தோடு நிறுத்திய முன்னோரின் நுட்பத்தையும் நாம் வணங்கத்தான் வேண்டும். கடைசியான கோடி தீர்த்தம், இலிங்கத்துக்கு அபிஷேகம் செய்ய நீர் வேண்டி இராமர் தம் வில்லின் நுனியால் நிலத்தை ஊன்றியபோது எழுந்தது என்பது ஐதீகம். கம்சனைக் கொன்ற பழி நீங்கக் கண்ணனும் இதில் நீராடினான் என்று தல புராணம் சொல்கிறது. இங்கும் அதே கருத்து திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

நீராடியபின் ஈர உடையோடு கருவறைப் பக்கம் செல்லக் கூடாது. உடை மாற்றிக்கொண்டு இராமநாதரையும் விசுவநாதரையும் பர்வதவர்த்தினி அம்மனையும் சேதுமாதவரையும் வழிபட வேண்டும். விடியற்காலையில் நடக்கும் ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு முதல்நாளே வந்து தங்குவது நல்லது.

காசியோடு உள்ள தொடர்பைக் கடைசியாக வைத்துக்கொண்டேன், ஏனென்றால் கரை, இலிங்கம், கோயில் மூன்றும் அதில் ஒன்றுசேர்கின்றன. தெற்கிலிருந்து காசி யாத்திரை போகிறவர் முதலில் சேதுக் கரைக்கு வந்து நீராடி, அங்குள்ள மணலை எடுத்துப் பூசித்துக்கொண்டு புறப்பட வேண்டும். பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் அந்த மணலைக் கரைத்துவிட்டு, கங்கை நீரை முகந்துகொண்டு, காசியில் விசுவநாதரைத் தரிசித்து, கயையில் பிதுர்க்கடன் முடித்து, மீண்டும் இராமேசுவரம் வந்து அந்த நீரால் இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும். இராமேசுவரத்தில் தொடங்காமலும் முடிக்காமலும் காசி மட்டும் போய்வருவது பாதி யாத்திரை என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். வடநாட்டார் கங்கை நீரோடு இங்கு வந்து, சேது மணலோடு திரும்புகிறார்கள்.

முழுமையான சேது யாத்திரை செய்ய விரும்பினால் நேரே தீவுக்கு வராதீர்கள். உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்தில் கடலுக்குள் இராமர் நிறுவியதாகச் சொல்லப்படும் ஒன்பது கற்களாகிய நவக்கிரகங்களை வழிபட்டு, இராமர் தருப்பைப் புல்லில் சயனித்த கோலத்தில் காட்சிதரும் திருப்புல்லாணியில் ஆதிஜகந்நாதரைத் தரிசித்து, அதன் அருகே உள்ள சேதுக்கரை என்னும் கடற்கரை ஊரில் நீராடி, அதன் பிறகு பாம்பனைக் கடந்து வருவதே முறை. திருமங்கையாழ்வார் பாடிய திருப்புல்லாணியும் மூவரில் இருவர் பாடிய இராமேசுவரமும் ஒரே யாத்திரையின் இரண்டு படிகளாக இருப்பதை அப்போது நேரில் உணர்வீர்கள். நாள் பார்த்து வரக்கூடுமானால், ஆனி மாதத்தை ஒட்டி நடக்கும் இராமலிங்கப் பிரதிஷ்டை விழாவுக்கு வாருங்கள். முதல்நாள் இராவண சம்ஹாரம், மறுநாள் தனுஷ்கோடி வழியில் உள்ள கோதண்டராமர் கோயிலில் விபீஷணர் பட்டாபிஷேகம், மூன்றாம் நாள் கோயிலில் இலிங்கப் பிரதிஷ்டை என்று தலவரலாறு முழுவதையும் அந்தந்த இடத்திலேயே நிகழ்த்திக் காட்டுவார்கள்.